ராகலையின் நீர்வழிகளுக்கு ஒரு வரைபடம் வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கடலிலிருந்து வந்த அப்புயல் ஏற்படுத்திய உயிரிழப்புகளில் பெரும்பகுதி கடற்கரையோரத்தில் நிகழவில்லை. கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலையக மாவட்டங்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. அங்கு மக்களைக் கொன்றது காற்று அல்ல. நீரும், அந்நீரினால் இளகிச் சரிந்த மண்ணுமே அழிவுக்குக் காரணமாயின. மலையகத்தில் நீரைப் பற்றிய கேள்வியும் நிலத்தைப் பற்றிய கேள்வியும் வெவ்வேறானவை அல்ல என்பதை இதைவிடக் கொடூரமான முறையில் எவராலும் உணர்த்தியிருக்க முடியாது.

வீடுகளை முழுமையாக இழந்தவர்கள் மீண்டும் வீடமைப்பதற்கு 50 இலட்சம் ரூபாவும், காணியற்றவர்களுக்கு அரச காணி வழங்க முடியாதவிடத்து காணி கொள்வனவுக்கு 50 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என 2025 டிசெம்பரில் அரசாங்கம் அறிவித்தது. இந்த உதவி பெருந்தோட்ட மக்களுக்கு எவ்வளவு தூரம் சென்றடையும் என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய விடயம். ஆனால் பணம் கிடைத்தாலும், எந்த இடத்தில் வீடு கட்டுவது என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது. நீர் எங்கே ஊற்றெடுக்கின்றது, எவ்வழியாக இறங்குகின்றது, எங்கே தேங்குகின்றது என்பதை அறியாமல் இக்கேள்விக்கு விடை காண முடியாது. அவ்வாறு அறிந்துகொள்வதற்கு இன்று உலகெங்கும் பயன்படுத்தப்படும் கருவி புவியியல் தரவு ஆகும். செய்மதிப் படங்கள், நிலவுயரத் தரவுகள், களத்தில் எடுக்கப்படும் அளவீடுகள் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் ஒன்றுசேர்த்து நகரொன்றின் நீர்நிலைகளைக் கணக்கெடுக்கும் முறை பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அது மலையகத்தின் சிறு நகரங்களுக்கு ஏன் வரவில்லை, வரவேண்டுமாயின் எவ்வடிவில் வரவேண்டும் என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம். இதற்கு ராகலையை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமானது.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை ஊடாகச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 5000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள நகரம் ராகலை. சென். லெனாட்ஸ், லிடஸ்டேல், புரூக்சைட், ஹல்கரனோயா, டெல்மார் எனச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே கடை நடத்தும் வீதி, தோட்டங்களிலிருந்து சம்பள நாட்களில் இறங்கிவரும் மக்கள், பாடசாலைகள், கோயில், பள்ளிவாசல், விகாரை என ஒரு நகரத்துக்குரிய அனைத்தும் அங்குண்டு. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக வந்த ஒடுக்கமான புகையிரதப் பாதை முடிவடைந்த இடமும் ராகலையே. அப்புகையிரதச் சேவை 1940 களின் தொடக்கத்தில் நின்றுபோனாலும் நகரம் நிற்கவில்லை.

இப்பகுதியின் பெயர்களே நீரைப் பற்றிப் பேசுகின்றன. நானுஓயா, ஹல்கரனோயா ஆகிய பெயர்களில் உள்ள ‘ஓயா’ என்ற சிங்களச் சொல் ஆற்றைக் குறிப்பது. இந்த மலைகளில் பெய்யும் மழை சிற்றோடைகளாகப் பிரிந்து இறுதியில் மகாவலி கங்கையைச் சென்றடைகின்றது. அந்நீர் மின்சாரமாகவும், தாழ்நில வயல்களுக்குப் பாசனமாகவும் மாறுகின்றது. ஆனால் அந்நீர் பிறக்கும் இடத்தில் வாழும் மக்களின் அன்றாட நீர்வழங்கல் பெரும்பாலும் மலை ஊற்றுகளையும், அவற்றிலிருந்து குழாய் மூலம் கொண்டுவரப்படும் தாங்கிகளையும், லயன்களுக்கு அருகிலுள்ள பீலிகளையுமே நம்பியுள்ளது. கோடையில் பீலி வற்றினால் குடிநீர் இல்லை. மாரியில் அதே ஓடை பெருகினால் உறக்கம் இல்லை. ஒரே நீர் ஆண்டில் இரு தடவை இருவேறு முகங்களைக் காட்டுகின்றது. திட்டமிடுவோர் இவ்விரு முகங்களையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இவ்வாறான ஒரு நகரம் ஏன் நகரத் திட்டமிடலின் பார்வையில் விழுவதில்லை? அதற்கான காரணம் நமது நிர்வாக வரைவிலக்கணத்திலேயே உள்ளது. இலங்கையில் மாநகர சபை அல்லது நகர சபையின் எல்லைக்குள் அமைந்த பகுதி மாத்திரமே குடிசன மதிப்பீட்டில் நகரம் எனக் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. 1987 இல் பிரதேச சபை முறை உருவாக்கப்பட்டபோது முன்னர் பட்டின சபைகளாக இருந்தவை அவற்றுள் இணைக்கப்பட்டன. அதனால் கடைவீதியும் நெரிசலும் கட்டடங்களும் கொண்ட பல ஊர்கள் புள்ளிவிபரத்தில் கிராமங்களாயின. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் நகர்ப்புற மக்கள் 18.2 வீதம் மட்டுமே. பெருந்தோட்டத் துறையினர் 4.4 வீதம். எஞ்சியோர் அனைவரும் கிராமத்தவர். வலப்பனை பிரதேச சபையின் ஆளுகையிலுள்ள ராகலையின் கடைவீதி இக்கணக்கின்படி கிராமம். அதனைச் சூழ்ந்துள்ள லயன்கள் ‘தோட்டம்’. நகரம் என்று எதுவும் அங்கில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்படும் வரை, வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்த தோட்ட மக்களுக்கு அதே உறுப்பினர் ஒரு கானைக் கட்டிக்கொடுப்பதற்குக்கூடச் சட்டம் இடமளிக்கவில்லை. மழைநீர் தோட்டத்தின் மேல்மலையில் விழுந்து, கம்பனியின் காணி ஊடாக ஓடி, லயனின் பின்புறத்தைத் தொட்டு, பிரதேச சபையின் வீதியைக் கடந்து, கடைவீதியின் கானுக்குள் இறங்குகின்றது. நீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஆனால் எல்லைகள் பிரிந்திருப்பதால் நீரின் முழுப் பாதையையும் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போய்விட்டது. சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் இந்தப் பழக்கம் முற்றாக நீங்கவில்லை என்பதே எமது கருத்து.

தலைநகரின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியபோது கொழும்பின் நீர்ப் பிரச்சினை நாட்டின் பிரச்சினையாகியது. 2012 இல் உலக வங்கியின் கடனுதவியுடன் கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஓர் அங்கமாக, கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலங்கள் ஆராயப்பட்டு, அவற்றை முகாமை செய்வதற்கான உபாயத் திட்டமொன்று 2016 இல் வெளியிடப்பட்டது. வெறும் சேற்று நிலமெனக் கருதப்பட்டவை உண்மையில் வெள்ளத்தைத் தேக்கிவைத்து நகரைக் காக்கும் இயற்கைத் தொட்டிகள் என்பதை வரைபடங்கள் மூலம் காட்ட முடிந்தது. 2018 இல் ராம்சார் சமவாயம் உலகில் முதன்முதலாக 18 நகரங்களைச் சதுப்புநில நகரங்களாக அங்கீகரித்தபோது கொழும்பும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. கொழும்பின் சதுப்பு நிலங்கள் இன்று எவ்வித ஆபத்துமின்றி உள்ளன என நாம் கூற வரவில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு உள்ளது என்பது தெரிந்தபடியால் எது அழிகின்றது என்பதையும் கேட்க முடிகின்றது. ராகலையில் அவ்வாறு கேட்பதற்கு எம்மிடம் அடிப்படைப் பதிவொன்று வேண்டும்.

அயல்நாடான இந்தியாவின் அனுபவமும் கவனத்திற்குரியது. அந்நாட்டில் முதன்முறையாக நடத்தப்பட்ட நீர்நிலைகள் கணக்கெடுப்பின் அறிக்கை 2023 இல் வெளியாகியது. 24,24,540 நீர்நிலைகள் அதில் பதிவாகின. இவற்றுள் 2.9 வீதமானவையே நகர்ப்புறங்களில் இருந்தன. 38,496 நீர்நிலைகள் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகியிருப்பதும் அதன் மூலம் தெரியவந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு இலட்சத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் எண்ணப்பட்டன. ஆனால் அத்தமிழ்நாட்டின் தலைநகரான சென்னை, இக்கணக்கெடுப்புக்கு முன்பே, 2015 டிசெம்பரில் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அந்நகரின் தெற்கே பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பல தசாப்தங்களாகக் குப்பை மேடாகவும் குடியிருப்பாகவும் அலுவலகக் கட்டடங்களாகவும் மாறி, அதன் பழைய பரப்பில் ஒரு சிறு பகுதியே எஞ்சியிருந்தது. 2022 இல் அது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. இழந்த பின்னர் அளப்பதற்கும் இழக்கும் முன்னர் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னை மக்கள் தமது வீடுகளின் சுவர்களிலேயே கண்டனர்.

இனி, இந்த அளவீடு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நீர் பச்சை ஒளியை ஓரளவு பிரதிபலிக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அண்மித்த கதிர்களைப் பெருமளவு உறிஞ்சிவிடும். தாவரங்களோ அக்கதிர்களை வலுவாகத் திருப்பி அனுப்பும். இவ்வேறுபாட்டை ஓர் எண்ணாக மாற்றி, செய்மதிப் படத்தில் எது நீர், எது நிலம் எனப் பிரித்தறியும் சுட்டெண் 1996 இல் அறிமுகமாகியது. அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிப் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 1984 முதல் 2015 வரை அச்செய்மதிகள் எடுத்த 30 இலட்சம் படங்களைக் கொண்டு உலகின் மேற்பரப்பு நீர் எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதைக் காட்டும் வரைபடமொன்றை ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு மையம் 2016 இல் வெளியிட்டது. ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிகளின் படங்களும் அவ்வாறே இலவசமானவை. ஆகவே தரவுக்குப் பணமில்லை என்று எந்தச் சபையும் கூற முடியாது.

எனினும், இக்கருவியை மலைநகரத்தில் அப்படியே பொருத்திவிடலாம் என எண்ணுவது தவறாகும். லான்ட்சற் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட சதுரத்தைக் குறிக்கின்றது. சென்டினல் படத்தில் அது 10 மீற்றர். நுவரெலியாவில் 1873 இல், ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட ஏரியை இப்படங்களில் எவரும் காணலாம். ஆனால் ராகலையின் தோட்டமொன்றில் மரநிழலின் கீழ் இரண்டு மீற்றர் அகலத்தில் ஓடும் ஓடையை எந்தச் சுட்டெண்ணும் காட்டாது. பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மாரிக் காலத்தில் வானம் முகிலால் மூடிக் கிடக்கும்போது சாதாரணப் படங்களால் பயனில்லை. முகிலை ஊடுருவும் ராடார் செய்மதிகள் உள்ளன. ஆனால் செங்குத்தான மலைச்சரிவுகளில் அவற்றின் படங்கள் திரிபடைகின்றன. மலையின் நிழல்கூடச் சில வேளைகளில் நீரெனப் பதிவாகிவிடும். அச்சிடப்பட்ட வரைபடங்களுக்கும் எல்லையுண்டு. நில அளவைத் திணைக்களத்தின் 50,000 இற்கு 1 என்ற அளவுத்திட்ட வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது தரையில் 50 மீற்றர். ஒரு முழு லயன் வரிசையும் அதன் பின்னாலுள்ள ஓடையும் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் மறைந்துவிடக் கூடும்.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? நீரை நேரடியாகத் தேடுவதற்கு முன்னர் நிலத்தின் உயரத்தை அளக்க வேண்டும். நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் உயரமும் தெரிந்தால், அங்கு விழும் மழை அண்டையிலுள்ள எட்டுச் சதுரங்களுள் எதனை நோக்கி ஓடும் என்பதைக் கணினி கணித்துவிடும். அவ்வாறு கணித்துச் செல்லும்போது எங்கெங்கு நீர் ஒன்றுசேர்ந்து ஓடையாகும் என்பது தெரியவரும். 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடமொன்று 11 நாட்களில் அளந்த உலக நிலவுயரத் தரவு இதற்கான தொடக்கமாக அமையும். ஆளில்லா விமானங்களிலோ லேசர் அளவீட்டிலோ பெறப்படும் நுணுக்கமான தரவு கிடைத்தால் வீதியோரக் கானின் ஆழம்கூடப் புலப்படும். அதன் பின்னர் மனிதர் நடந்து சென்று, கையடக்கத் தொலைபேசியின் உதவியுடன், ஒவ்வோர் ஊற்றையும் பீலியையும் தாங்கியையும் மதகையும் கானையும் அவை இருக்குமிடத்திலேயே பதிய வேண்டும். மேலிருந்து வரும் படமும் கீழிருந்து வரும் பதிவும் சந்திக்கும்போதுதான் மலைநகரத்தின் நீர் வரைபடம் முழுமை பெறும்.

இக்கணக்கெடுப்பில் கான்களைச் சேர்க்க வேண்டும் என நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேயிலை மலைகளில் குறுக்கே வெட்டப்பட்ட கான்கள் வெறும் வாய்க்கால்கள் அல்ல. மண்ணுக்குள் அதிக நீர் இறங்காதவாறு அதனைச் சேகரித்துப் பாதுகாப்பாக ஓடைக்குக் கொண்டுசெல்வது அவற்றின் வேலை. அவை தூர்ந்துபோனால் நீர் சரிவிலேயே தங்கி மண்ணுக்குள் இறங்குகின்றது. மண் துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் கூடக்கூட மண்ணின் பிடிப்புக் குறைகின்றது. ஒரு கட்டத்தில் மலை நகர்ந்துவிடுகின்றது. கான் வெட்டுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் ஆட்களை ஒதுக்குவது செலவெனக் கருதப்பட்டுக் கைவிடப்பட்ட மலைகளில், அச்செலவைப் பின்னர் செலுத்துவோர் அடிவாரத்தில் வாழ்பவர்களே. வலப்பனை, ஹங்குராங்கெத்தை பகுதிகளில் 2007 ஜனவரியில் ஏற்பட்ட மண்சரிவுகளை இம்மக்கள் மறந்துவிடவில்லை.

மண்சரிவு பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலையகத்தில் அபாய வரைபடங்களே இல்லை என்பது சரியல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கி வருகின்றது. முதலில் தெரிவுசெய்யப்பட்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் அமைப்பதற்கு முன்னர் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெற வேண்டும் என்ற ஏற்பாடும் 2011 முதல் உள்ளது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, வரைபடம் இருந்தது. அங்கிருந்து வெளியேறினால் செல்வதற்கு மக்களுக்கு வேறு காணி இருக்கவில்லை. மாற்றுக் காணி இல்லாத இடத்தில் வரைபடம் மட்டும் உயிர்காக்காது என்பதே மீரியபெத்தை கற்பித்த பாடம்.

இதிலிருந்து இன்னொரு கவலையும் எழுகின்றது. வரைபடம் ஓர் ஆயுதம். அதனை யார் கையில் வைத்திருக்கின்றார்கள் என்பதைப் பொறுத்தே அதன் பயனும் தீமையும் அமையும். ஓடையின் இருமருங்கும் ஒதுக்கு நிலம் இருக்க வேண்டும் என்பது நியாயமானது. ஆனால் அந்த ஒதுக்கு நிலம் வரைபடத்தில் குறிக்கப்பட்டவுடன் முதலில் அகற்றப்படுவது எது? ஓடையை மறித்துக் கட்டப்பட்ட செல்வாக்குள்ளோரின் மாடிக் கட்டடமா, அல்லது உறுதிப்பத்திரம் இல்லாத லயன் குடும்பத்தின் சமையலறையா? லயன் அமைந்துள்ள இடத்தை அங்கு வாழும் தொழிலாளி தெரிவுசெய்யவில்லை. அவருடைய பாட்டனாருக்கும் அத்தெரிவு இருக்கவில்லை. தேயிலைக்கு உகந்த நிலத்தைத் தேயிலைக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சரிவிலும் ஓடைக்கரையிலும் லயன்களைக் கட்டியது தோட்ட நிர்வாகம். காடழிப்பு பற்றிய எச்சரிக்கைகூடப் புதியதல்ல. 5000 அடிக்கு மேற்பட்ட மலைகளில் காடுகளை வெட்டுவதைத் தடை செய்யுமாறு தாவரவியலாளர் யோசப் ஹூக்கர் 1873 இலேயே அன்றைய அரசாங்கத்துக்கு ஆலோசனை வழங்கியிருந்தார். அதற்கமைய அவ்வாண்டிலேயே உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது. ஆயினும் காடழிப்பின் விளைவை அனுபவிப்போர் அதற்கான முடிவை எடுத்தவர்களும் அல்லர், அவர்களின் வாரிசுகளும் அல்லர்.

ஆகவே, நீர்நிலைகளின் கணக்கெடுப்பு மக்களை வெளியேற்றும் பட்டியலாக மாறக் கூடாது. ஓடையோரத்தில் ஆபத்தில் உள்ள குடும்பங்கள் எவை என்பது குறிக்கப்படும் அதே வரைபடத்தில், அக்குடும்பங்களுக்கு வழங்கக்கூடிய பாதுகாப்பான காணி எது என்பதும் குறிக்கப்பட வேண்டும். 7 பேர்ச்சஸா 10 பேர்ச்சஸா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கின்றது. அந்தப் பேர்ச்சஸ் எங்கே அமைந்துள்ளது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது. ஊற்றின் மேலே கட்டப்படும் புதிய வீட்டுத் திட்டம் கீழேயுள்ள பழைய லயனின் குடிநீரை மாசுபடுத்துமாயின் ஒரு குடும்பத்தின் நிவாரணம் மற்றொரு குடும்பத்தின் நோயாகிவிடும். மலசலகூடக் குழிக்கும் ஊற்றுக்கும் உள்ள தூரம் மட்டுமல்ல, எது மேலே, எது கீழே என்பதும் மலையில் கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.

இவற்றை நிறைவேற்றுவது இயலாத காரியமல்ல. இந்நாட்டிலேயே அதற்கு முன்னுதாரணம் உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் இணைந்து, மட்டக்களப்பின் மண்முனை வடக்கு பிரதேச செயலாளர் பிரிவில் ஏறத்தாழ 30,000 கட்டடங்களை எவரும் பார்க்கக்கூடிய திறந்த வரைபடத்தில் 2013 அளவில் பதிவு செய்தன. சுனாமியையும் வெள்ளத்தையும் கண்ட அம்மண்ணில் முடிந்தது மலையகத்தில் முடியாமற் போவதற்கு நியாயமில்லை. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானத்துக்கெனத் தனிப் பீடமே இயங்குகின்றது. பேராதனையில் புவியியல் துறை உள்ளது. அங்கு பயிலும் மாணவர்களுள் மலையகப் பிள்ளைகளும் உள்ளனர். தமது ஊரின் ஓடைகளை அளந்து வரைபடமாக்குவதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி அவர்களுக்கு வேறு எதுவாக இருக்க முடியும்?

கணக்கெடுப்பில் தோட்ட மக்களின் அறிவு முதலிடம் பெற வேண்டும். எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும், எந்தப் பீலியின் நீர் மழைக்கு முன்னரே கலங்கும், எந்த இடத்தில் முன்னர் ஓடை ஓடி இப்போது மண்ணால் மூடப்பட்டுள்ளது என்பவற்றை வயதான தொழிலாளர்கள் அறிவார்கள். ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவதும், வழமையாக வரும் நீர் நின்றுபோவதும், புதிய இடத்தில் நீர் கசிவதும் மலை நகரப்போவதற்கான அறிகுறிகளாக இருக்கக்கூடும். இந்த அவதானிப்பு செய்மதியால் இயலாதது. தினமும் பீலிக்குச் செல்லும் பெண்களால் இயலும். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவதற்கு அலுவலர்களிடம் தமிழறிவும் பொறுமையும் இருத்தல் வேண்டும்.

தோட்டக் கம்பனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் மலைகளின் எல்லைகளையும் கான்களையும் பாதைகளையும் காட்டும் பழைய திட்டப்படங்கள் பேணப்படுவது வழமை. அவற்றைக் குத்தகைக்காரரின் தனிச்சொத்தாகக் கருதாமல் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் வழங்க வேண்டும். காணியின் இறுதி உரிமை அரசுக்கே உள்ளபோது, அக்காணியில் ஓடும் நீரைப் பற்றிய தகவல் மக்களுக்கு மறுக்கப்படுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தயாராகும் வரைபடம் கொழும்பிலுள்ள கணினியொன்றில் உறங்கக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் இடப்பெயர்களுடன் அச்சிடப்பட்டு, ராகலை நகரிலும் ஒவ்வொரு தோட்டத்திலும், பாடசாலையிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் மக்கள் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஓர் இலக்கமும் அதற்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் குறிக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்தபின் அது புதுப்பிக்கப்பட வேண்டும். கட்டட அனுமதி வழங்கும் ஒவ்வொரு தடவையும் அவ்வரைபடத்தைப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும் எனப் பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவ்வாறு செய்யப்படாதவிடத்து, 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் கேட்கும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு. எமது மக்கள் அவ்வுரிமையைப் போதியளவு பயன்படுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது.

நிவாரணப் பொதியும் கூரைத் தகடும் வழங்கும் நிகழ்வுகளில் படம் எடுப்பது எளிது. ஓடைகளை எண்ணுவதில் அத்தகைய படங்களுக்கு இடமில்லை. அதனாலேயே அரசியல்வாதிகள் இதில் ஆர்வம் காட்டாதிருக்கலாம். ஆனால் மலையகத்தின் பிரதிநிதிகளாகப் பாராளுமன்றத்திலும் பிரதேச சபைகளிலும் அமர்ந்திருப்போர், கட்சி வேறுபாடின்றி, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இக்கணக்கெடுப்புக்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு கோர வேண்டும். புதிய வீடுகளுக்கான அத்திவாரம் வெட்டப்படுவதற்கு முன்னர் இது செய்யப்பட வேண்டும். அத்திவாரம் போட்ட பின்னர் ஓடையைக் கண்டுபிடிப்பதால் எவருக்கும் பயனில்லை.

ராகலையைப் புள்ளிவிபரம் நகரமெனக் கொள்ளாதிருக்கலாம். அங்கு பெய்யும் மழை அந்தக் கணக்கைப் பார்த்துப் பெய்வதில்லை. அடுத்த மாரி தவறாமல் வரும். அதற்கு முன்னர் அந்நகரின் நீர் செல்லும் வழியை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.